இதற்கா தோல் படித்தாய்?

என் மகள் தோல் மருத்துவர். யாராவது கேட்டால் இன்னமும் அப்படித்தான் சொல்கிறேன். அது பொய்யில்லை. எம்.டி. முடித்துவிட்டாள். பட்டத்தைச் சட்டம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். அந்தப் பட்டம் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் இன்னொரு எம்.டி.யில் முதலாம் ஆண்டு மாணவியாகச் சேர்ந்திருக்கிறாள். சட்டம் சார்ந்த மருத்துவம் என்று அதற்குப் பெயர். காதுக்குக் கௌரவமாகத்தான் இருக்கிறது. சாத்தூரில் எங்கள் தெருவில் அதற்கு வேறு பெயர்: பிணம் அறுக்கிற படிப்பு.

இதை எழுத உட்காரும்போதும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்று பல மாதம் தள்ளிப்போட்டேன். அடங்குவதாகத் தெரியவில்லை.

நான் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். வேதியியலில் பட்டம் வாங்கியவன். ஆனால் மருந்துக் கலவைப் பக்கம் போனதில்லை, போக விருப்பமும் இல்லை. சில மாதங்களுக்கு முன்பு வரை என் வேலை வருகைப் பதிவேடு. காலையில் வேன்கள் வந்து நிற்கும், பெண்கள் தூக்குவாளியோடு இறங்குவார்கள், நான் பெயருக்கு நேரே குறி போடுவேன். எங்கேயாவது சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடும். எந்தத் திசை, நம்முடையதா, பக்கத்துக் கம்பெனியா என்று எல்லோரும் வெளியே வந்து வானத்தைப் பார்ப்போம். இருபத்தாறு வருஷமாக அப்படி வானத்தைப் பார்த்தவனுக்குப் பிள்ளையைப் பற்றி ஒரே ஆசைதான் இருக்க முடியும். யாரும் சாகாத இடத்தில் அவள் வேலை பார்க்க வேண்டும்.

தோல் துறை எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அந்த இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று டாக்டர் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தெரியும். நுழைவுத் தேர்வில் முன்னால் வருகிறவர்கள் அள்ளிக்கொண்டு போகிற துறை அது. நடுராத்திரி அழைப்பு இல்லை, ரத்தம் இல்லை. “தோலில் யாரும் சாவதில்லை” என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது அப்படியில்லை என்று மகள் இரண்டு முறை திருத்தினாள். நான் திருந்தவில்லை.

அவளுக்கு இடம் கிடைத்த அன்று முதலாளி வீட்டிலிருந்து இனிப்பு வந்தது. அதுவரை என்னை ஏறிட்டுப் பார்க்காத முதலாளியின் மனைவி ஒரு கல்யாண வீட்டில் என் மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவர் கன்னத்தில் மங்கு இருந்தது. அடுத்து அவருடைய தங்கையின் மகள், முகப்பரு. பந்தியில் இலை போட்டுச் சாப்பாடு பரிமாறியான பிறகும் ஒவ்வொருவராக வந்து முகத்தைக் காட்டினார்கள். “அப்பா, நான் சாம்பாரைப் பார்க்கவா, இவங்க மூஞ்சியைப் பார்க்கவா” என்று மகள் என் காதோரம் கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படிப்பு முடியும் தறுவாயில் சம்பந்தமும் வந்தது. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற குடும்பம். பையன் அச்சகத்தைப் பார்த்துக்கொள்கிறான், நல்ல பையன், இன்றைக்கும் அவனைக் குறை சொல்ல மாட்டேன். புது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே குடித்தனம், கீழே மருமகளுக்குக் கிளினிக். லேசர் மெஷின் வைக்க ஒரு அறை தடுத்து, அதற்குக் கனமான வயர் இழுத்து, பிளக் பாயிண்ட் வரைக்கும் வைத்துவிட்டார்கள். பையனுடைய அப்பா என்னைக் கூட்டிப்போய் அந்தப் பிளக் பாயிண்டைத்தான் முதலில் காட்டினார். அவளுடைய பாண்ட் காலம் முடிந்ததும் கல்யாணம் என்று பேசி முடித்தோம்.

அரசுக் கல்லூரியில் படித்தவர்கள் முடித்ததும் சில காலம் அரசு சொல்கிற இடத்தில் வேலை பார்க்க வேண்டும். அதுதான் பாண்ட். மகளுக்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு மருத்துவமனை கிடைத்தது. எது என்று சொல்லப்போவதில்லை. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்தாள். படை, சொறி, வெண்புள்ளி, பட்டாசுக்குள் போடுகிற மணி மருந்தில் கை வெந்து தோல் உரிந்து வருகிற பெண்கள். நானும் நிம்மதியாக இருந்தேன்.

அந்த மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனைக்குத் தனி டாக்டர் இல்லை என்பதும், இருக்கிற டாக்டர்கள் முறை வைத்துச் செய்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. கண் டாக்டருக்கு ஒரு நாள், காது டாக்டருக்கு ஒரு நாள், தோல் டாக்டருக்கு ஒரு நாள். அவள் வீட்டில் சொன்னதேயில்லை. சொல்லியிருந்தால் நான் யார் காலையாவது பிடித்து மாற்றியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

பாண்ட் முடிய நாலு மாதம் இருந்தபோது ஒரு நாள் காலையில் தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனி வெடித்தது. எங்கள் ஆபீஸ் ஜன்னல் அதிர்ந்தது. வெளியே வந்து வானத்தைப் பார்த்தோம். நம்முடையது இல்லை என்று தெரிந்ததும் வழக்கம்போல உள்ளே போய் உட்கார்ந்தோம். நானும்தான் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பிரேதப் பரிசோதனை முறை என் மகளுடையது.

மூன்று உடல்கள் வந்தன. இரண்டை வீட்டார் அடையாளம் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது ஒரு பெண். பார்த்துச் சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை. கம்பெனிக்காரர்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் போலீஸாரிடம் பட்டியல் கொடுத்தார்கள். அந்த ஷெட்டில் அன்று குறி போட்டிருந்த பெண்களில் இருவர் தப்பி ஓடி வந்திருந்தார்கள்; கூட இருந்தது யார் என்று அவர்களிடம் விசாரிக்கவில்லை. மிச்சம் ஒரு பெயர். வயது நாற்பத்திரண்டு. போலீஸார் காகிதத்தில் அந்தப் பெயரும் வயதும் ஏறின. அந்தக் காகிதம் என் மகள் கைக்கு வந்தது. அவள் பரிசோதனை செய்து, அதே பெயரையும் வயதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பெயருக்கு உரியவள் உயிரோடு இருந்தாள்.

இங்கே எங்கள் பக்கத்து வேலைமுறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீசன் நேரத்தில் ஒருத்தி இரண்டு நாள் வராவிட்டால் அவள் இடம் போய்விடும். அதனால் வர முடியாத நாளில் வீட்டிலிருந்து வேறு ஒருத்தியை அனுப்புவாள். தங்கை, நாத்தனார், மருமகள், யாராவது. அவளை மாத்தாள் என்போம். வேன்காரனுக்குத் தலைக்கணக்கு சரியாக இருந்தால் போதும். ஆபீஸுக்கும் அப்படித்தான். மாத்தாள் வந்தால் அவள் பெயரை எழுதுவதில்லை. யாருக்காக வந்தாளோ அவள் பெயருக்கு நேரே குறி விழும். புதுப் பெயர் எழுதினால் அவளுக்குப் பயிற்சி கொடுத்தீர்களா, வயது என்ன என்று இன்ஸ்பெக்ஷனில் கேள்வி வரும். கேள்வி வராமல் இருக்க உலகமே செய்து வைத்திருக்கிற ஏற்பாடு.

அன்றைக்கு அக்காக்காரி ரேஷன் அட்டைக்குக் கைரேகை வைக்கப் போயிருந்தாள். தங்கையை அனுப்பியிருந்தாள். தங்கைக்கு இருபத்து மூன்று வயது. அப்பா அம்மா இல்லாமல் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். சத்தம் கேட்டு ஓடிய அக்கா மருத்துவமனை வாசலில் வந்து தங்கை பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்றார்கள். பதிவேட்டில் தன் பெயர்தான் விழுந்திருக்கும் என்பது அந்தப் பதற்றத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. அப்படியானால் காயத்தோடு மதுரைக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்று யாரோ சொல்ல, பஸ் ஏறி மதுரைக்குப் போனாள். அங்கே தீக்காய வார்டில் கட்டில் கட்டிலாகப் பார்த்திருக்கிறாள். இரண்டு நாள். தங்கை இங்கே அக்காவின் பெயரில் கிடந்தாள்.

மூன்றாம் நாள் அவள் திரும்பி வந்து, யாரோ கைகாட்ட, தோல் பிரிவில் நோயாளிகளோடு வரிசையில் நின்றாள். முறை வந்ததும் மேஜைக்கு எதிரே போய் நின்றாள். இதை மகள் பிற்பாடு எனக்கு ஒருமுறைதான் சொன்னாள். அந்தப் பெண் சொன்னது இதுதான்.

“தங்கச்சி பேரு எந்த லிஸ்ட்லயும் இல்லைங்காக. மதுரையிலயும் பாத்துட்டேன், அங்கனயும் இல்ல. நீங்கதான் அறுத்தீகளாம். ஒருக்கா நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தாயி.”

உங்கள் பெயர் என்ன என்று மகள் கேட்டிருக்கிறாள். அவள் சொன்னாள். பக்கத்தில் நின்ற நர்ஸின் கையிலிருந்து சீட்டுகள் கீழே விழுந்தன என்றாள் மகள்.

பிறகு அக்காவின் ரத்தம் எடுத்து, டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்து, காகிதங்களையெல்லாம் திருத்தி உடலைக் கொடுக்கும்வரை அந்த அக்கா பிணவறைக்கு எதிரே வேப்ப மரத்தடியிலேயே இருந்தாள். எத்தனை நாள் என்று மகளுக்குத்தான் சரியாகத் தெரியும். அவள் தினமும் மதியம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கம்பெனிக்காரர்களிடம் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. என் மகளுக்குத்தான் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. தப்பாக எழுதிக் கொடுத்தவனை விட்டுவிட்டு, எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதியவளைக் கேள்வி கேட்கிறார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஒரு தோல் டாக்டரை அந்த மேஜைக்கு முன்னால் நிறுத்தியது யார் குற்றம்? அவள் என்ன கேட்டா போனாள்?

மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்தாள், விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மறுபடியும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதப் பணம் கட்டிவிட்டதாகச் சொன்னாள். எதற்கு என்றோம். சட்டம் சார்ந்த மருத்துவம் என்றாள்.

என் மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். நான் பேசினேன். என்னவெல்லாம் பேசினேன் என்று முழுவதும் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. “இதற்கா தோல் படித்தாய்?” என்று மட்டும் பல தடவை கேட்டேன். ரேங்க் கிடைக்காதவர்கள் எடுக்கிற இடம் அது, கடைசிச் சுற்று வரை எடுக்க ஆளில்லாமல் காலியாகக் கிடக்கிற இடம் அது என்றேன். உன்னால் ஒரு பிள்ளைக்குத் தோல் சீட் போயிற்றே, அந்த இடத்தை வீணாக்க உனக்கு என்ன உரிமை என்றேன். கல்யாணத்தைச் சொன்னேன். முப்பது வயதைச் சொன்னேன். நடந்ததற்கு நீ பொறுப்பில்லை, ஊரே சேர்ந்து செய்த தப்புக்கு நீ ஏன் மூன்று வருஷம் சிறைக்குப் போகிறாய் என்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை. கை காய்ந்துபோகும்வரை உட்கார்ந்து கேட்டுவிட்டுப் பிறகு சொன்னாள்.

“எனக்குத் தெரிஞ்சதுப்பா. கழுத்துக்குக் கீழ காறை எலும்பு முனை இன்னும் எலும்போட சேரலை. நாப்பது வயசுப் பொம்பளைக்கு அப்படி இருக்காது. கையில வச்சுப் பார்த்தேன். எம்.பி.பி.எஸ்.ல படிச்ச பாடம், அரைகுறையா ஞாபகம். நாமதான் தப்பாப் பார்க்கோம்னு நினைச்சுட்டேன். பேப்பர்ல நாப்பத்திரண்டுன்னு இருந்தது. பேப்பரை நம்பிட்டேன்.”

“அது போலீஸ் பேப்பர். உன் பேப்பர் இல்ல.”

“போலீஸுக்கு எங்க இருந்து வந்தது?”

“அந்தக் கம்பெனிக்காரன் கொடுத்தது.”

“அங்க யார் எழுதினா?”

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தேன்.

“உங்க ஆபீஸ்ல மாத்தாள் வந்தா யார் பேரைப்பா எழுதுவீங்க?”

“பதிவுல உள்ள பேரைத்தான். அதுதான் முறை. நானா வச்சேன் அந்த முறையை?”

“நான் உங்களைக் குத்தம் சொல்லலை. உங்களைப் போல ஒருத்தர் எழுதினார். அதைப் பார்த்து போலீஸ் எழுதினாங்க. அதைப் பார்த்து நான் எழுதினேன். ஒருத்தராவது பார்த்ததை எழுதணும்ல?”

அதற்குப் பிறகு நான் அவளோடு ஏறக்குறைய இரண்டு மாதம் பேசவில்லை. பெற்ற பெண், அதுவும் என் சம்பளத்தில் படித்த பெண், என் வேலையை எடுத்து என் இலையில் வைத்துவிட்டாள் என்ற ஆத்திரம். எங்கள் கம்பெனியில் அப்படி எதுவும் நடந்ததில்லையே என்று எனக்குள் பல தடவை சொல்லிக்கொண்டேன். நடக்கவில்லை என்பதற்கும் தெரியவரவில்லை என்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு மாதத்தில்தான் என்னைப் பிடித்து உலுக்கத் தொடங்கியது. ஏனென்றால் ஒவ்வொரு நாள் காலையிலும் மாத்தாள் வந்துகொண்டுதான் இருந்தாள்.

ஒரு நாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெண் வரிசையில் நின்றாள். பதிவில் உள்ளவள் எனக்கு நன்றாகத் தெரிந்த நடுவயதுப் பெண். “உன் பேரு என்னம்மா” என்று கேட்டேன். அவள் பயந்துபோய் அந்த நடுவயதுப் பெண்ணின் பெயரையே சொன்னாள். உன் சொந்தப் பெயர் என்ன என்று மறுபடியும் கேட்டேன். பின்னால் நின்ற ஒருத்தி, “என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்தீகளா” என்றாள். வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, பதிவில் உள்ள பெயருக்கு நேரே குறி போட்டேன். அன்று முழுக்க அந்தச் சின்னப் பெண் இருந்த ஷெட் பக்கமே என் கண் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் வேன் கிளம்பும்போது அவள் ஏறிவிட்டாளா என்று வாசலில் நின்று பார்த்தேன். ஏறிவிட்டாள். பெயர் எனக்குத் தெரியாது.

தேர்வு முடிவு வந்தது. முதல் தடவையைவிட நல்ல ரேங்க். அந்த ரேங்க்குக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் துறை கிடைக்கும் என்று அவளுடைய தோழிகள் சொன்னார்கள். என் மனைவி விரதம் இருந்தாள். நான் பேசாநோன்பை விட்டுவிட்டு, சரி, தோல்தான் வேண்டாம் என்றால் ஸ்கேனாவது எடு, அதுவும் உள்ளே இருப்பதைப் பார்க்கிற படிப்புதானே என்று கெஞ்சினேன். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விருப்பப் பட்டியலை நிரப்பினாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். எந்தெந்த ஊர் என்பதுதான் மாறிக்கொண்டு வந்தது. துறை ஒன்றேதான், மேலிருந்து கீழ்வரை.

சம்பந்தி வீட்டுக்கு விஷயம் நாங்கள் சொல்லும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. நானும் மனைவியும் நேரில் போனோம். காபி கொடுத்தார்கள். பையனின் அப்பா மரியாதையான மனிதர். சுற்றி வளைத்துப் பேசினார்.

“அண்ணாச்சி, பாப்பா எம்புட்டு வேணாலும் படிக்கட்டும், நாங்க தடுக்கலை. ஆனா வீட்டுக்கு நாலு பேரு வாராக, போறாக. நல்லது பொல்லது நடக்கும். மருமக எங்கனன்னு கேட்டா பிணவறையிலன்னு சொல்ல முடியுமா? கீழ கிளினிக் போர்டு வைக்கோம். பெரிய கம்பெனி வீட்டுப் பொம்பளைங்க மூஞ்சியக் காட்ட வருவாக. காலையில அந்தக் கை எதைத் தொட்டுச்சுன்னு தெரிஞ்சா வருவாகளா?”

இவற்றில் ஒன்றுகூட நான் என் வீட்டில் சொல்லாதது இல்லை. ஏறக்குறைய இதே வார்த்தைகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வருஷா வருஷம் இந்த ஊரில் ஆட்கள் கருகிப் போகிறார்கள். அவர்களை வைத்துப் பிழைக்கிற அத்தனை பேரும் மோதிரம் போட்டு, சந்தனம் பூசி, மேடையில் உட்காரலாம். அவர்களில் ஒருத்தியை இன்னார் என்று கண்டுபிடித்து வீட்டாரிடம் ஒப்படைக்கிறவள் கை மட்டும் தீட்டா? இதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். என் மனைவிதான் வாசலில் திரும்பி நின்று பேசினாள். அவள் அந்த வீட்டில் அதுவரை வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியதில்லை.

“அந்தக் கை ஆறு வயசுல இருந்து என் தலையில பேன் பார்த்த கை அண்ணாச்சி. எனக்கு ஒண்ணும் ஆகலை.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் அழுதாள். நிச்சயம் முறிந்ததற்கா, தான் பேசியதற்கா என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டுக் கீழ்த்தளத்தை இப்போது ஒரு பல் டாக்டருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் நான் பதிவேட்டில் பெயருக்கு நேரே குறி போட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் மாத்தாளின் சொந்தப் பெயரையும் எழுதத் தொடங்கினேன். யாருக்கு என்ன உறவு, எந்த ஊர் என்பதையும். பெண்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். ஒன்பது நாள் நடந்தது. பத்தாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

“அண்ணாச்சி, இத்தனை வருஷம் இல்லாத வழக்கமா இருக்கு. இன்ஸ்பெக்ஷன்ல இதைப் பார்த்தா நாம எல்லாருமே உள்ள போக வேண்டியதுதான். நீங்க எழுதுனதை நீங்களே அடிச்சிருங்க.”

என்னால் அடிக்க முடியாது, நான் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். பெரிய வீரம் ஒன்றுமில்லை. ரிட்டயர் ஆக இன்னும் சில வருஷம் இருக்கிறதே என்று உள்ளே ஒருத்தன் அலறிக்கொண்டிருந்தான். மேனேஜர் சத்தம் போடவில்லை. மறுநாள் பதிவேட்டை ஒரு புதுப் பையனிடம் கொடுத்துவிட்டு, என்னை லாரி லோடு பார்க்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது பெட்டி எண்ணுகிறேன். பெட்டிகளுக்கு மாத்தாள் கிடையாது. நான் எழுதியிருந்த அந்த ஒன்பது நாள் பக்கங்கள் இருக்கின்றனவா, கிழித்துவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. காலையில் வேன் வந்து நிற்கும்போது லாரிப் பக்கமிருந்து பார்ப்பேன். வரிசை முன்பு போலவே வேகமாக நகர்கிறது.

இதை மகளிடம் என் மனைவி சொல்லிவிட்டாள். மகள் என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கல்லூரியில் சேரப் போகிற அன்று, “அப்பா, கூட வாரீங்களா” என்று மட்டும் கேட்டாள். முதலில் எம்.பி.பி.எஸ்.க்கும் பிறகு தோலுக்கும் நான்தான் கூடப் போனேன். போகாமல் இருக்க எனக்கு மனசில்லை. போக ஆசையும் இல்லை. சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனேன்.

கல்லூரி ஆபீஸில் சான்றிதழ் சரிபார்க்கிற மேஜையில் என் வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் மகளுக்கு முன்னால் நின்ற பிள்ளைகளெல்லாம் அவளைவிட நாலைந்து வயது சின்னவர்கள். குழந்தைகள் நோய், பொது மருத்துவம், மகப்பேறு என்று ஒவ்வொருவராகப் போனார்கள். இவள் முறை வந்ததும் அவர் கோப்பைத் திறந்து ஒவ்வொரு சான்றிதழாகப் புரட்டினார். தோல் எம்.டி. பட்டம் வந்ததும் கை நின்றது. மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கெட்ட சேதி சொல்லப்போகிறவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

“ஏன் சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஸ்கின் முடிச்ச பொண்ணு இதை எடுக்கலாமா? அதுக்கு எதுக்கு சார் இத்தனை படிப்பு?”

“அவ எதுக்கு எடுத்திருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றேன். என் குரல் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. “தெரியாதுல்ல? தெரியாம எப்படிக் கேட்கீங்க? சர்டிபிகேட் சரியா இருக்கா, அதைப் பாருங்க. அவ என்ன படிக்கணும்னு சொல்ல உங்க மேஜையில என்ன பேப்பர் இருக்கு?”

பக்கத்து மேஜைக்காரர் எழுந்து நின்றார். பின்னால் நின்ற பிள்ளைகள் போனைப் பார்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். மகள் பேனாவை எடுத்தவள், மேலே அச்சிட்டிருந்த தன் பெயரை, வயதை, துறையை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்துவிட்டுப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அவருக்கு நன்றி சொன்னாள். நான் சொல்லவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் அவள் சிரித்தாள்.

“நீங்க ஒரு வருஷமா வீட்டுல கேட்டதைத்தானேப்பா அந்த மனுஷனும் கேட்டாரு.”

“அவர் கேட்கக் கூடாது” என்றேன்.

அவளுடைய துறை எந்தக் கட்டடம் என்று ஒரு ஊழியரிடம் வழி கேட்டோம். பின்பக்கம், கடைசிக் கட்டடம் என்றார். அவள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் செய்தது சரி என்று நான் அன்றும் சொல்லவில்லை, இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அவள் படிப்பு முடிய இன்னும் வருஷம் இருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.